அண்ணன் லென்ஸும் வேற கம்பெனி கேமராவும்

என் வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. யாரைப் பார்த்தாலும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிவிடுவார். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். சட்டை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். கேமரா என்றால் மட்டும் வருஷக்கணக்கில் யோசிப்பார். இந்தத் தடவை யோசித்தது, இருக்கிற கம்பெனியிலேயே புது மாடலுக்குப் போவதா, அடியோடு வேற கம்பெனிக்கு மாறுவதா என்று. சாப்பிடும்போதும் அதே பாட்டு, பல் தேய்க்கும்போதும் அதே பாட்டு.

"மாறினா மொத்தமா மாறணும். பழைய லென்ஸ் எதுவும் அதுல உட்காராது" என்றார் ஒருநாள். எனக்கு உடனே அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

என் அண்ணனும் ஃபோட்டோகிராஃபர்தான். விளையாட்டுப் போட்டிகளாக எடுக்கிறவர். இருவருக்கும் ஒரே கம்பெனி கேமரா என்பதால் லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள். அண்ணனிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். இவரிடம் பெரிய கூட்டத்தையும் ஒரே படத்தில் அடக்கும் குட்டி லென்ஸ். ஒருமுறை கடை முகப்பில் மாட்டுவதற்காக எங்கள் குடும்பப் படத்தை இவர் எடுத்தார், அதில்தான் வினை. எல்லோரும் பளிச்சென்று இருந்தோம், அண்ணன் முகம் மட்டும் மங்கல். "வேணும்னே பண்ணிட்டார்" என்றார் அண்ணன். "அவர்தான் அசைஞ்சார்" என்றார் இவர். படத்தைக் கழற்றினார்கள். பேச்சும் நின்றது.

லென்ஸ் போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. அதைச் சாக்கிட்டு அண்ணன் படியேறுவார், நான் டீ போடுவேன். இருவரும் என்னை நடுவில் வைத்துப் பேசுவார்கள்.

"லென்ஸ் மூடியைத் தொலைச்சிட வேணாம்னு சொல்லும்மா."

"போன தடவை தொலைச்சது யாருன்னு கேளு."

பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது இந்த அண்ணன் ஒருத்தர்தான். லென்ஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டால் அவர் எதற்கு வருவார்? வீம்பில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

கேமரா கடைக்காரர் புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் குரூப் ஃபோட்டோ. நான் லைட் பிடிக்கப் போனேன். அது சத்தமே போடாத கேமரா. இவர் எடுத்தே முடித்துவிட்டார், ஊழியர்கள் இன்னும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"சீக்கிரம் எடுங்க, வயிறு தாங்கல" என்றார் மேனேஜர்.

"எடுத்தாச்சு சார்."

"சத்தமே வரலையே?"

ஒருத்தரும் நம்பவில்லை. சத்தத்தை எந்த மெனுவில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நாக்கால் "டக்" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் வயிறுகள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன.

ஆள் வெறுத்துப்போய்விடுவார் என்று நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். அவரோ வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணுகூட மங்கலா இல்ல பாரேன். இதுதான். இனிமே உங்க அண்ணன் லென்ஸுக்கு நான் காத்துக் கிடக்க வேணாம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிப்படியில் நின்று அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "அண்ணா, இவர் வேற கம்பெனிக்கு மாறப்போறார். உங்க லென்ஸ் இனிமே வேணாமாம்." போட்டுக் கொடுத்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மதியம் இவரும் மாடியில் இருந்த நேரத்தில், யாரும் கூப்பிடாமலே அண்ணன் வந்தார், தோளில் லென்ஸ் பையோடு. சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"அடாப்டர்மா. இதை நடுவுல மாட்டினா நம்ம லென்ஸ் அந்தக் கேமராவுலயும் உட்காரும். கடை கடையா ஏறி இறங்கி வாங்கினேன். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

நம்ம லென்ஸ் என்றார். 

ஆனால் நான் சொல்லவில்லை. வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இவர் என்னைப் பார்க்கிறார். அண்ணன் என்னைப் பார்க்கிறார். நான் ஃபேனைப் பார்க்கிறேன்.

கடைசியில் இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "இதுல ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா மச்சான்?"

"செய்யும் மாப்ள. கொஞ்சம் மெதுவா."

"மெதுவான்னா? ஓடுற ஆளைப் பிடிக்குமா?"

"நீங்க எப்போ ஓடுற ஆளை எடுத்திருக்கீங்க?"

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. நேருக்கு நேராக, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கத்தினார்கள். எந்தக் கேமரா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதைப் பேசி முடிக்க அண்ணன் தினமும் வருகிறார்.