சீரியலைக் கேட்கும் பேராசிரியர்

உள்ளறையில் பளாரென்று அடி விழுந்தது. தொடர்ந்து வயலின் அழுதது. கூடத்தில் இருந்த பேராசிரியர் கலைமகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் மருமவளத்தான் அடிச்சிகினு இருக்காங்க" என்றார்.

சின்னத்திரைத் தொழிலில் பெண்கள் படும் பாட்டை ஆராய்வது அவர் வேலை. ஆரணியில் தறியில் உட்கார்ந்த பெண்கள் சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். கண் இழையை விட்டு நகரக் கூடாது. ஆகவே அவரும் கேட்டே ஆராய்கிறார். வில்லி பேசும்போது மட்டும் எப்படியோ அவருக்குத் தாகம் எடுத்து உள்ளே போக வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் தறியிலிருந்தே கத்துவாள்: "டீச்சரம்மா, சத்தம் ஜாஸ்தி வைங்க! கை வேலையா கீது." விளம்பர இடைவேளையில் கலைமகள் சுவரைப் பார்த்து ஆணாதிக்கத்தை விளக்குவார். "அதெல்லாம் சரிங்க, அவ புருசனுக்கு உண்மை தெரிஞ்சிதா இல்லியா?" என்று சுவர் கேட்கும்.

அவருடைய புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. திரையில் பெயர் வராமல் வசனம் எழுதும் பெண்களை ஊரறியச் செய்யும் அத்தியாயம்தான் அதன் உயிர். அன்று சென்னையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தவள் அவர்களில் ஒருத்தி. உள்ளே ஓடிக்கொண்டிருந்ததும் அவள் வசனம்தான்.

"என் பேர எடுத்துடுங்கக்கா. தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள வெச்சிடுவாங்க. வீடே என்னை நம்பி இருக்கு."

"உங்க பேருக்காகத்தானே பாப்பா இத்தினி வருசமா கத்திகினு இருக்கேன்?"

"நீங்க கத்துனா கைதட்டுவாங்க. எனக்கு வேலை போயிடும்க்கா."

இதுவே சீரியலாயிருந்தால் இங்கே இடி இடித்திருக்கும். எதற்கும் மணிக்கணக்கில் வாதாடும் கலைமகள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மடிக்கணினியைத் திறந்து, அவள் பார்த்திருக்கவே பெயரை அழித்தார். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது சீரியல் முடிந்திருந்தது. ரேணுகாம்பாள் வாசலுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என்னா வசனம்ங்க டீச்சரம்மா! எழுதினவன் எந்த மகராசி பெத்த புள்ளையோ, அவன் கைக்கு மோதிரம் போடணும். ஆமா, யாருங்க அது போறது?"

கலைமகள் வாயைத் திறந்தார். தெருமுனையில் அந்தப் பெண் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சொந்தக்காரப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.