அந்தப் பையன் ஏன் சொல்லவில்லை?

ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் பேருந்தில் இன்று என் முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும். மகளுக்கு நாளை பி.ஏ. ஆங்கிலத் தேர்வு. ஒரு பழைய அமெரிக்க நாடகத்தை அப்பாவுக்குக் கதையாகச் சொல்லியே படித்துக்கொண்டிருந்தாள்.

"தன் தொழிலையே பையனும் செய்யணும்னு அந்த அப்பா அடம்பிடிக்கிறாரு. பையனுக்குப் பிடிக்கல. யார் மேல தப்புன்னு எழுதணும்."

"பையன் மேலதான்," என்றார் ஷூ கம்பெனிச் சீருடையில் இருந்த அப்பா.

"நீ வேற இன்னா சொல்லுவ? அப்பன் கட்சி!"

"அதில்லம்மா. பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பாரா?"

"சொல்லாமலே எப்படித் தெரியும்?"

மகள் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, உன் கம்பெனி ஆபீஸ் வேலை எனக்கு வேணாம்ப்பா. நான் எம்.ஏ. படிக்கிறேன்."

பள்ளிகொண்டா தாண்டும்வரை அவர் அந்தப் புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கே பதற்றமாக இருந்தது.

"மேனேஜர்கிட்ட சொல்லி வச்சுட்டேனே," என்றார் மெதுவாக. பிறகு, "சரி, அவர நான் பாத்துக்கிறேன். உங்கம்மாகிட்ட நீதான் பேசணும்."

இதே கேள்விக்கு மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விடைகளை எத்தனையோ வருடம் திருத்தியிருக்கிறேன். அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடித்ததை இன்றுதான் பார்த்தேன்.

அம்மா வரும் காட்சி மட்டும் பாக்கி. உங்கள் வீட்டு அம்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?