கையில் ஏறிய ஊசியும் என் வயிறும்

மலம் தார் போலக் கறுத்துப் போனால், என்னைப் போல இரும்புச்சத்து மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

அது தவக்காலம். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) தவறாது. நான் சோற்றை விட்டேன், முட்டிவலி மாத்திரையை விடவில்லை. மாத்திரை சாப்பாடா என்ன? வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு விழுங்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். "பக்தியில உருகிட்டா பாவம்" என்றாராம் பக்கத்து வீட்டு அக்கா. அடக் கடவுளே! உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எண்டாஸ்கோப்பி (வாய்வழியே மெல்லிய குழாயை இறக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். இரைப்பையில் அல்சர் (புண்), அதில் ரத்தக்கசிவு; எல்லாம் வெறும் வயிற்றில் விழுங்கிய முட்டிவலி மாத்திரையின் வேலை. ஊசி மருந்தில் நிற்காவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. எனக்கும் பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"புண்ணு வயித்துல, ஊசி கையிலயா? அது எப்படி டாக்டர் வழி கண்டுபிடிச்சுப் போகும்?"

அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சிரித்துவிட்டார்.

"ரத்தத்தோடயே போகும்மா. அமிலம் சுரக்கிற இடத்துக்கும் ரத்தம் போகுதில்ல? பின்வாசல் வழியா போய் சுரக்கிறதைக் குறைச்சிடும். அமிலம் இருந்தா உறைஞ்ச ரத்தம் கரைஞ்சுபோகும். குறைஞ்சா புண்ணு மேல அப்படியே ஒட்டிக்கும். சொல்ப, கொஞ்சம் பொறுத்துக்குங்க."

மருந்தின் பெயர் பான்டோபிரசோல் (அமிலச் சுரப்பைக் குறைப்பது). டிரிப்ஸ் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது தோளைத் தாண்டியிருக்குமா, நெஞ்சுக்குப் போயிருக்குமா? இத்தனை வருஷம் சுமந்த உடம்பில் எது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது.

ரத்தம் நின்றது. ஆபரேஷன் வேண்டாம், இனி மாத்திரை போதும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"ஊசியை நிறுத்துறீங்களே, கைவிட்டுட்டீங்களா டாக்டர்?"

"வாயால சாப்பிட முடிஞ்சா மாத்திரையே அந்த வேலையைச் செய்யும். ஊசி உசத்தி, மாத்திரை மட்டம்னு யார் சொன்னது?"

வீட்டுக்காரர் நம்பவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் வயிறு கடமுட என்றது.

"வலிக்குதா?"

"இல்லீங்க. பசிக்குது."

வார்டே பார்க்க அந்த மனுஷன் அழுதார்.

வயிற்றின் அந்தச் சத்தத்தை அடக்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் நான் சாப்பிடக் கடிகாரம் பார்ப்பதில்லை. வயிறு கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போகிறேன்.