வராமல் போன மூன்றாவது வரி

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

சித்தாண்டிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் நான், சனிக்கிழமைகளில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் போய் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். அதில் மெய்ப் பகுப்பாய்வு என்ற பாடத்தில் போன வருடம் பெயில். கணக்கு ரீச்சர் கணக்கில் பெயில்! வெட்கத்தில் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. திரும்ப எழுத ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருந்தது. அதிலும் தவறினால் படிப்பே நின்றுவிடும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாடம் எனக்கு விளங்கவேயில்லை. விளங்காததை மனப்பாடமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். என் மாணவர்களுக்கும் அதைத்தானே சொல்லிவந்தேன்? சோறு வடிக்கும்போதும் பஸ்ஸிலும் நிறுவல்களை முணுமுணுத்தேன். காலையில் வந்தது மாலையில் போய்விடும். ஒருநாள் கொப்பியை மூடிவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். பாசிக்குடா ஹோட்டல் வேலைக்குச் சனிக்கிழமை லீவு போட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் என் கணவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நம்மட கையில இனி ஒண்டும் இல்ல புள்ள. ஆண்டவர்ட்ட விட்டிரு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், பாஸ்டர், நீங்கள் என் தலையில் கைவைத்து, நல்ல ஞாபகசக்தி கேட்டு மன்றாடினீர்கள். நானும் அதையேதான் கேட்டேன்.

பரீட்சையில் முதல் கேள்வியைக் கண்டதும் மனம் துள்ளியது. பாடமாக்கிய கேள்வி! தொடர்ச்சியான ஒரு சார்பின் பெறுமானம் ஓர் எல்லைக்கு மேல் போகாது. இது சரியா, பிழையா? இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி வரவில்லை. கண்ணை மூடினேன். வரவில்லை. "இப்பவா ஆண்டவரே என்னைக் கைவிடுறீர்?" என்று மனதுக்குள் கத்தினேன். கோபமாகத்தான் கத்தினேன்.

வேறு வழியில்லாமல் கேள்வியையே திரும்ப வாசித்தேன். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் என்று இருந்தது. பூச்சியமும் ஒன்றும் ஆகிய அந்த இரண்டு முனைகளும் அதில் சேரவில்லை. நான் பாடமாக்கியதில் முனைகள் சேர்ந்திருந்தன. அப்படியென்றால் கூற்று நிற்குமா என்று பார்க்க, ஒன்றை அந்த இடையில் உள்ள எண்களால் பிரித்தேன். பத்தில் ஒன்றால் பிரித்தேன், பத்து. நூற்றில் ஒன்றால் பிரித்தேன், நூறு. பூச்சியத்தை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போனது. எல்லையே இல்லை. கூற்றுப் பிழை! எழுதியதை வெட்டிவிட்டு ஐந்து வரியில் அதை எழுதினேன்.

வெளியே வந்ததும் என்னோடு படிக்கும் ஏறாவூர் ரீச்சர், "முதலாம் கேள்விக்குச் சரியெண்டு நான் மூணு பக்கம் நிறுவியிருக்கன். நீங்க?" என்று கேட்டார். பெறுபேறு வரும்வரை, தெரிந்த நிறுவலை வெட்டிய மடச்சி என்று என்னையே ஏசிக்கொண்டிருந்தேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

பாஸ்! மட்டுமட்டான பாஸ்தான். அந்த ஐந்து வரிக்குக் கிடைத்த புள்ளி இல்லாவிட்டால் மறுபடியும் பெயில். மற்றக் கேள்விகளால் ஏறாவூர் ரீச்சரும் தப்பிவிட்டார்.

மூன்றாவது வரி ஞாபகம் வந்திருந்தால் நானும் மூன்று பக்கம் பிழையாக எழுதியிருப்பேன். கேட்டதைத் தராமல் என்னைக் காப்பாற்றிய ஆண்டவருக்கு நன்றி. இப்போது என் வகுப்பில் யாரும் பாடமாக்குவதில்லை. விளங்கவில்லை என்றால் கை உயர்த்துகிறார்கள், வந்தாறுமூலையில் நானும் உயர்த்துகிறேன்.

கேட்டது கிடைக்காமல் கலங்கி நிற்பவர்களே, கொஞ்சம் பொறுத்திருங்கள். அவரை நம்புங்கள். எனக்கு இன்னும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. எனக்காக ஜெபியுங்கள். ஞாபகசக்தி மட்டும் கேட்க வேண்டாம்.