கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வி

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் வீரம்மா அக்கா சமைக்கிறார். நான் அவருக்கு வெங்காயம் உரித்து, மீன் கழுவிக் கொடுப்பேன். உப்பு ஜாடி இருக்கும் தட்டில்தான் அவருடைய கைப்பேசியும் இருக்கும். அது சத்தம் போட்டால் ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரலால் திறந்து பார்ப்பார். மற்ற விரல்களில் மஞ்சளோ மீன் செதிலோ ஒட்டியிருக்கும்.

அந்தக் கைப்பேசிக்குள் 'போயிட்டு வரோம்' என்று ஒரு வாட்சப் குழு இருக்கிறது. அக்காதான் அதற்கு அட்மின். கிள்ளான், சுங்கை பூலோ, டெங்கில், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று பல இடத்துத் தமிழர்கள் அதில் இருக்கிறார்கள். ஈப்போவுக்கு எந்த பஸ், பினாங்கில் எங்கே இறங்க வேண்டும், திருச்சிக்குப் போகும் விமானத்தில் எதைக் கொண்டு போகலாம் என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் இருக்கிறேன். எழுதியதில்லை, படிப்பேன்.

அக்கா முன்பு வேறொரு பெரிய பயணக் குழுவில் இருந்தார். முட்டி வலிக்காரியான தன் அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தபோது, தெரிந்த ஆங்கிலத்தில் அங்கே வழி கேட்டிருக்கிறார். ஒருவர் அவருடைய எழுத்துப் பிழையைத் திருத்தினார். இன்னொருவர் கூகுளில் தேடத் தெரியாதா என்று கேட்டார். மற்றவர்கள் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அக்கா பஸ் நிலையத்தில் ஆட்களைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்ததும் இந்தக் குழுவைத் தொடங்கினார். "வழி சொல்ல ஒருத்தருக்கும் நேரம் இல்ல, சிரிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்துச்சு" என்று ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அதனால் இந்தக் குழுவில் சட்டம் கொஞ்சம் கடுமை. கேட்கிறவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். 'டிக்கெட் எவ்ளோ' என்று மொட்டையாக வந்தால் அக்கா 'வணக்கம் தம்பி' என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பார். தம்பி வணக்கம் சொன்ன பிறகுதான் பதில் வரும். பெண்கள் கேட்கும் கேள்விக்குத் தனியாகப் பதில் அனுப்புகிற வேலை கிடையாது. எல்லார் முன்னாலும் கேட்டதற்கு எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். உதவி வாங்கியவர் போய் வந்து எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கிளம்புகிறவர் எந்த ஊருக்கு என்று எழுத வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவர்கள் மழை, நெரிசல் ஏதாவது இருந்தால் சொல்வார்கள் என்பதற்காக.

ஒருமுறை ஓர் அம்மா விமானத்தில் ஊறுகாய் கொண்டு போகலாமா, ஜன்னலைத் திறந்து வாசனையை வெளியே விட முடியுமா என்று கேட்டார். ஜீவன் என்று ஒரு பையன், பெட்டாலிங் ஜெயாவில் கணினி வேலை, விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டான். அக்கா அவனைத் திட்டவில்லை. தான் முதல் தடவை விமானம் ஏறியபோது இறங்க வேண்டிய இடம் வந்தால் மணி அடிக்க வேண்டுமா என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டதாக எழுதினார். அப்புறம் ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்று எழுதினார். ஜீவன் முகங்களை அழித்துவிட்டான். அக்கா அப்படி யாரையும் கேட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் விமானமே ஏறியதில்லை.

இந்தக் குழுவில்தான் இராமலிங்கம் அண்ணன் வந்து சேர்ந்தார். கிள்ளானில் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து இரண்டு வருடம். எழுதுவது அபூர்வம், குரல்தான் அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் தொண்டையைக் கனைத்துவிட்டு, "வணக்கம், இராமலிங்கம் பேசுறேன்" என்றுதான் தொடங்குவார்.

வடக்கே தூரத்தில் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அவருடைய ஒரே தங்கை மலருக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்குக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். மலரின் கணவர் காரில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியும் இவர் ஒப்பவில்லை. தாய்மாமன் சீரோடு தானாக வர வேண்டும், மாப்பிள்ளை வந்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் தனியாக ரயிலேறி அவருக்குப் பழக்கமில்லை. எங்கே போனாலும் மனைவிதான் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாராம்.

குழு அவரைத் தன் வீட்டு ஆளைப் போலப் பார்த்துக்கொண்டது. ஒருவர் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் எந்தக் கதவு வழியாக இறங்க வேண்டும் என்று படம் எடுத்துப் போட்டார். கழிப்பறை ரயிலுக்குள்ளேயே இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு மூன்று பேர் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பள்ளி விடுமுறை ஆனதால் வெள்ளிக்கிழமை மாலை ரயில் ஒன்றில்தான் இடம் கிடைத்தது. அதை விட்டால் மறுநாள் சடங்குக்குப் போய்ச் சேர வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் நல்ல கூட்டம். வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கைப்பேசி சத்தம் போட்டது. அக்கா எட்டிப் பார்த்தார். வாசற்படியில் ஒரு கறுப்புப் பையின் படம், அதன்கீழே 'கிளம்பியாச்சு' என்று ஒரு சொல். எந்த ஊர் என்று இல்லை. யார் அனுப்பியது என்று அக்கா பார்க்கவில்லை. சுண்டுவிரலால் 'எங்க' என்று தட்டினார். அவர் அடிக்கடி எழுதுகிற வாக்கியம்தானே, மிச்சத்தைக் கைப்பேசியே எழுதிக் கொடுத்தது. 'எங்க போறீங்க? சொல்லிட்டுப் போங்க.' அனுப்பிவிட்டு மீன் குழம்பை அள்ளப் போய்விட்டார்.

பையைத் தூக்கியவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் நடக்காது என்பார்கள். தெரிய வேண்டுமென்றால் 'தூரமா?' என்று கேட்டுக்கொள்ளலாம். அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவரும் சுகுமாறன் அப்படிக் கேட்டுவிட்டால் அவனை ஒரு வழி பண்ணிவிடுவார். ஆனால் வாசலில் நிற்கிறவருடைய கைக்குள்ளேயே தன் கேள்வி போய் நிற்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கூட்டம் குறைந்து கையைக் கழுவிவிட்டுக் கைப்பேசியை எடுத்தபோதுதான் பதிலைக் கேட்டார். "வணக்கம், இராமலிங்கம் பேசுறேன். கேட்டுட்டாங்க. பயணம் இல்ல."

அதற்குக் கீழே குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காலத்திலும் சகுனமா என்று ஜீவன் எழுதியிருந்தான். பெரியவரை அப்படிப் பேசாதே என்று ஒருவர். அட்மினே வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படிக் கேட்கலாமா, சட்டம் நமக்கு மட்டும்தானா என்று இன்னொருவர். குழந்தை பாவம், ஏறிப் போங்க அங்கிள் என்று சிலர். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். அவர் முகம் சுருங்கிப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

முதலில் மற்றவர்கள் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினார். பிறகு இராமலிங்கம் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை. அக்கா கைப்பேசியை வாயருகே வைத்து எல்லாரும் கேட்கும்படி குரல் அனுப்பினார்.

"அண்ணே, வீரம்மா பேசுறேன். யாருன்னு பார்க்காம கேட்டுட்டேன். தப்பு என் மேல. எல்லார் முன்னாலயும் கேட்டேன், எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்குறேன்."

கொஞ்ச நேரத்தில் சாதிக் என்று ஒரு உறுப்பினர் அக்காவைக் கூப்பிட்டார். இராமநாதபுரத்துக்காரர், கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உணவகத்தில் வேலை. இராமலிங்கம் அண்ணன் தினமும் டீ குடிக்க வருவாராம், வீடும் தெரியுமாம். போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். அண்ணன் சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பையை உள்ளே வைத்துவிட்டார், வாங்கிப் போன டீயைத் தொடவில்லை என்றார்.

அக்கா ஏப்ரனைக் கழற்றினார். முதலாளியிடம் சொல்லிவிட்டு, கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த சுகுமாறனிடம் போனார். "மிச்சத்த அப்புறம் எறக்கலாம், வண்டிய எடு." என்னையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நான் பின்னால் கோஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

கிள்ளானில் அண்ணன் வீட்டு வாசலில் சாதிக் நின்றிருந்தார். உள்ளே நெற்றியில் திருநீறும் வெள்ளைச் சட்டையுமாக இராமலிங்கம் அண்ணன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யாரு அட்மின்?"

"நான்தாண்ணே."

"சத்தத்தக் கேட்டு பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானும் உங்கள சின்ன வயசுன்னு நெனச்சேன். வணக்கம் அவ்வளவு கணீர்னு வரும்."

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். பை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து இருந்தது. அதன்மேல் பட்டுப் பாவாடைப் பொட்டலமும் வெள்ளித் தண்டைப் பெட்டியும். அக்கா உட்காரவில்லை. ஜீவன் எழுதியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதும்மா. எம் பொஞ்சாதிதான் பார்ப்பா. யாராச்சும் கேட்டுட்டா பைய வாங்கி உள்ள வச்சிருவா. அதான் நானும் வச்சேன். வச்சப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியல."

"வச்சிட்டு அண்ணி என்ன செய்வாங்க?"

"உக்கார வச்சு தண்ணி கொடுப்பா. குடிச்சதும் இப்ப கெளம்புங்கன்னு சொல்லுவா."

தானே எடுத்துக் குடித்திருக்கலாமே என்று கேட்க சாதிக் வாயெடுத்தார். பிறகு கேட்காமல் விட்டுவிட்டார்.

அக்கா சமையலறைக்குள் போனார். தெரியாத வீடு; அலமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு பித்தளைச் செம்பும் டம்ளரும் தேடி எடுத்து, நன்றாகக் கழுவி, தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் செம்பையே பார்த்தார். பிறகு வாங்கி நிதானமாக, முழுவதும் குடித்தார்.

"இப்ப கெளம்புங்கண்ணே" என்றார் அக்கா.

அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். சாதிக் பையைத் தூக்கினார்.

கொம்யூட்டர் என்னும் உள்ளூர் ரயிலில் போக நேரம் போதாது. சுகுமாறனின் வேனிலேயே கே.எல். சென்ட்ரலுக்குப் போனோம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சுகுமாறனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவன் திரும்பி, "அங்கிள் எங்க—" என்று தொடங்கினான். அக்கா அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் வண்டியே ஒரு குலுக்குக் குலுக்கியது. "ரோட்டப் பார்த்து ஓட்டுலா" என்றார். அப்போதுதான் இராமலிங்கம் அண்ணன் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் பந்தாய் வட்டாரம் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து வாசலில் இறக்கிவிட்டோம். குழுவில் போட்ட படம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. எங்களுக்கு வழி காட்டிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருப்பார். ரயில் புறப்பட்டுவிட்டதாக அறிவிப்பு வரும் வரை அக்கா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

திரும்பும் வழியில் அக்கா குழுவைத் திறந்துவிட்டார். ஜீவன் அவருக்குத் தனியாக எழுதியிருந்தான், அங்கிள் போனாரா, நான் கிண்டல் செய்தது தப்பு என்று. அக்கா அவனைக் குழுவிலேயே கேட்கச் சொன்னார். அவனும் எழுதினான்: 'வணக்கம். இராமலிங்கம் அங்கிள், மன்னிச்சுக்கோங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.' அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பினார்கள். எந்த ஊர் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள் வேலை. நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தோம். ஒரு படம் வந்தது. வேட்டி கட்டிய இராமலிங்கம் அண்ணன் மடியில் பட்டுப் பாவாடையோடு ஒரு குழந்தை, வாயை முழுவதும் திறந்து அழுகிறது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார், ஊசி தன் காதில்தான் ஏறுகிறது என்பது போல.

பின்னாலேயே ஒரு குரல் வந்தது. அண்ணனுடையது இல்லை. ஒரு பெண் குரல், பின்னணியில் மேளம்.

"அட்மின் அக்கா, நான் மலர். அண்ணன் வந்துட்டாரு. நல்லா சாப்பிட்டாரு. அடுத்த வருசம் புள்ளைக்கு மொட்டையடிக்கப் பழனிக்குப் போறோம், அண்ணனையும் கூட்டிக்கிட்டு. எப்படி போறதுன்னு உங்ககிட்ட கேட்டாப் போதும், நீங்க உலகம் பூரா சுத்துன ஆளுன்னு அண்ணன் சொன்னாரு."

அக்கா அதை இரண்டு தடவை கேட்டார். "உலகம் பூராவாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கைப்பேசியை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முனையில் கருகத் தொடங்கியிருந்த நெத்திலியைப் புரட்டிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று குழுவில் யாரையாவது கேட்க வேண்டும் என்றார். கேட்கும்போது முதலில் வணக்கம் போட்டார்.