துப்பிவிடுகிற மீன்

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில் நான் சமையல் செய்கிறேன். பதினான்கு வருஷமாக என் ரசத்தை ஒதுக்கிவைத்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதல் நாள் முகம் சுளிக்கிற பிள்ளைகூட இரண்டாவது வாரம் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்கும். அப்படிப்பட்ட என்னை, விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் பத்து நாளுக்கு மேல் பாடாய்ப் படுத்தியது.

என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வண்டி வடக்கே கிளம்பினால் திரும்ப நாலைந்து மாதம் ஆகும். இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் இருவரும் சேலம் போயிருந்தோம். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மீன் கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். சின்னச் சின்னக் கண்ணாடி ஜாடிகளில் தனித்தனியாக ஃபைட்டர் மீன்கள். அதில் ஒன்று மயில் கழுத்து நீலம். வாலை முந்தானை மாதிரி விரித்துக்கொண்டு நின்றது.

“ஏம்புள்ள, நான் இல்லாதப்ப ஊட்டுல பேச்சுத் துணைக்கு இது இருக்கட்டும்” என்றார்.

“மீனு பேசுமாக்கும்?”

“நீ பேசறதக் கேக்குமல்ல.”

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பஸ்ஸில் மீனை ஜாடியோடு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

கடைக்காரர் ஒரு டப்பியில் கடுகு அளவுச் சிவப்பு உருண்டைகள் கொடுத்திருந்தார். காலையில் இரண்டு, பொழுது சாய்ந்ததும் இரண்டு. புது இடம், ரெண்டு நாள் சாப்பிடாது என்றும் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வண்டியோடு வடக்கே கிளம்பிப் போனார். அன்றைக்குத்தான் மீன் முதல்முறையாக ஓர் உருண்டையை வாயில் வாங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநொடி துப்பிவிட்டது. அடுத்ததையும் துப்பியது. பிறகு என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்துபோனது.

விடுவேனா? முட்டை மஞ்சள் கருவைத் துளியாகக் கிள்ளிப் போட்டேன். பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து நசுக்கிப் போட்டேன். தண்ணீர்தான் கலங்கியது. ஒரு நாள் முன்னமே பிடித்துவைத்த தண்ணீரால் மாற்றி மாற்றி என் இடுப்பு போயிற்று. ஆறாம் நாள் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு விடுதியில் பொரியலுக்கு உப்புப் போட மறந்தேன். என் சமையலில் அப்படி நடந்ததே இல்லை.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, மழைத் தண்ணீர் நின்ற ஒரு பழைய பெயின்ட் வாளியில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் அப்படியே கவிழ்த்திருப்பேன். டீ வடிகட்டியில் நாலு புழுவை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். மீன் எழுந்து வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துப்பவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாளியை அப்படியே விட்டுவைத்தேன். அது தப்புதான். அதிலிருந்து மூன்றாம் நாள், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற பெண் மாடி ஏறிவிட்டாள்.

“ஏனுங்கக்கா, ஊட்டுலயே கொசு வளக்கறீங்களா?”

“கொசுவுக்கில்லீங்க, மீனுக்குங்க.”

“உங்க மீனு பொழைக்கோணும்னு தெருவுக்கே காய்ச்சல் வரோணுமாக்கா?”

அவள் கை வைக்கும் முன் நானே வாளியைக் கவிழ்த்தேன். கொட்டிய தண்ணீரில் புழுக்கள் துடித்தன. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. புழு நெளிகிறது, உருண்டை சும்மா மிதக்கிறது. அசையாததை அது சாப்பாடு என்றே நினைக்கவில்லை.

புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவிக் கழுவினேன். நுனியை நனைத்துத் தொட்டால் உருண்டை ஒட்டிக்கொண்டது. மீனின் முகத்துக்கு நேரே பிடித்துப் புழு மாதிரி நெளித்துக் காட்டினேன். முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் கடித்தது, துப்பியது. சரிதான், கல் மாதிரி இருந்தால் யார் தின்பார்கள்? ஊறாத கடலையை நான் எந்தப் பிள்ளைக்காவது பரிமாறியிருக்கிறேனா? அடுத்த நாள் உருண்டைகளைக் கரண்டித் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தேன். மெத்தென்று ஆனதும் குச்சியில் ஒட்டி நெளித்தேன். மீன் பாய்ந்து கவ்வியது. துப்பப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவுள் இரண்டு முறை அசைந்தது. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. வாயைத் திறந்துகொண்டு அடுத்ததற்கு வந்தது.

ஒரு வாரத்தில் குச்சி தேவைப்படவில்லை. ஊறிய உருண்டையைப் போட்டால், விழுந்த உடனே வந்து தின்றது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன். பின்னால் ரிக் இரைச்சல். பார்த்ததும் அவர், கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருங்கப்பா. கடைக்காரன் குடுத்த செத்த தீனிக்கு எங்கூட்டு அம்மிணி உசுரு குடுத்துத் திங்க வெச்சிருக்குது!”

ஃபோன் கை மாறிக்கொண்டே போனது. முகமெல்லாம் மண் அப்பிய ஓர் ஆள், “அக்கா, எங்க சோத்தையும் துப்பத்தான் தோணுதுங்க. இங்க சமைக்க வாரீங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோய், மீன் சாப்பிடுவதை இன்னொரு தடவை காட்டினேன்.