வேலிக்கு வெளியே இருந்த பள்ளம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. குப்பை லாரி ஓட்டிய இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ‘ரிவர்ஸ்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பின்னால் நின்று கை காட்ட ஆளே இல்லாமல், சகதியில், குப்பை மேட்டின் விளிம்பு வரைக்கும் லாரியைப் பின்னுக்கு ஏற்றிவிடுவார். மற்ற டிரைவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே!

அந்த மேட்டை மூடிப் பதினைந்து வருஷமாகிறது. மேலே மண் போட்டுப் புல் வளர்த்து, ‘பூங்கா’ என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். சுற்றிலும் புது வீடுகள். அதில் ஒன்றைத்தான் மகள் பார்த்து வைத்திருந்தாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியவள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறியவள். சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட யாரையோ கேட்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் அவளுக்கு.

“அப்பா, ஒருதடவை வந்து பாத்துச் சொல்லுங்க. அந்த இடத்தை உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க சரின்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்” என்றாள்.

போனார். தரகர் வரைபடத்தை விரித்தார். “இந்தச் சிவப்புக் கோடுதான் சார் பழைய வேலி. வீடு அதுக்கு வெளியே நாப்பதடி தள்ளி. சுத்தமான மண்ணு.”

தலையாட்டிக்கொண்டே பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். புதருக்குள் ஒரு பழைய வேலிக் கம்பம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைச் சாய்த்தது அவருடைய லாரிதான்.

கதை இதுதான். மழைக்காலத்தில் மேட்டுப் பாதை சேறாகிவிடும். வாசலில் எடை போட்டுச் சீட்டு வாங்கியபிறகும் மேலே ஏற இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். சீட்டில் முத்திரை விழுந்துவிட்டால் லாரி எங்கே கொட்டுகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. வேலிக்கு வெளியே, கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருந்தது. ஒடுக்கமான தடம், பின்னாலேயே ஓட்டிக்கொண்டு இறங்கினால்தான் உண்டு. அது யாரால் முடியும்? முதலில் இறங்கியவர் இவர்தான். அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். வீட்டுக் குப்பை, ஆஸ்பத்திரிக் கழிவு, பெயின்ட் தொழிற்சாலையின் கசிகிற டிரம்கள்... இரண்டே வருஷத்தில் பள்ளம் தூர்ந்து, இன்று இந்த வீடுகள் நிற்கிற தரையாகிவிட்டது. சீட்டில் எல்லாமே ‘மேடு’ என்று இருந்தது. வரைபடம் போட்டவர்கள் சீட்டை நம்பினார்கள், பாவம்.

இதே மனிதர், பள்ளிக்கூடத்தில் கிடந்த பென்சிலை எடுத்து வந்தாள் என்பதற்காக அதைத் திருப்பிக் கொடுக்க மகளை மறுபடி பள்ளிக்கூடம் வரை நடக்க வைத்தவர்!

“எப்படிப்பா இருக்கு?” மகளின் முகமெல்லாம் சிரிப்பு.

“நல்ல வீடும்மா” என்றார். மீதியை மென்று முழுங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாக ஒரு பை தக்காளியை நீட்டினாள். “நம்ம கொல்லையில காய்ச்சது. மருந்தே அடிக்கல. என் பையன் செடியிலிருந்து பறிச்சு அப்படியே தின்னுவான்” என்றாள்.

மகளின் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பையைக் குப்பைக் கூடையில் அமுக்கினார். பேத்தி, “தாத்தா, எனக்கு ஒண்ணு” என்று அழுதாள். “அழுகல்டி செல்லம்” என்று சமாதானம் சொன்னார்.

மகள் சும்மா விடுகிறவளா? பையைக் கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். கல்லு கல்லாகப் பழங்கள் உருண்டன.

“இதுல எதுப்பா அழுகல்?”

அவர் ஒரு பழத்தைக் கையிலெடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார்.

“நாளன்னிக்குப் பத்திரம் பதியப்போறேன். என் பிள்ளை அந்த மண்ணுலதான் விளையாடப் போறா. சொல்லுங்கப்பா.”

சொன்னார். வரிசை, சீட்டு, பள்ளம், டிரம் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவமானத்தில் காது சுட்டது. மகள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“காலையிலேயே கேட்டேனேப்பா” என்றாள். “நல்ல வீடுன்னீங்களே.”

“புத்தி கெட்டுப்போச்சும்மா. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரல.”

“என் வீடு போனா போகட்டும். அந்த அக்காவுக்கு யாருப்பா சொல்லுவா? இங்க தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே!”

மறுநாள் காலை அவர் தனியாகப் போனார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கை எழவில்லை. இரண்டு தரம் தெருமுனை வரை போய்த் திரும்பினார். அதற்குள் அந்த அம்மாளே பார்த்துவிட்டாள். கை நிறைய மண்ணோடு, வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

“வாங்க ஐயா! வீடு முடிஞ்சிடுச்சா? இருங்க, இன்னும் நாலு பழம் பறிச்சுத் தரேன்.” செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பொடியன் எட்டிப் பார்த்தான். கடைவாயில் சாறு வழிந்தது.

“பறிக்காதீங்கம்மா” என்றார் அவர். “பையனைக் கூட்டிக்கிட்டு உள்ள போய் முதல்ல கையைக் கழுவுங்க. இந்தத் தரைக்குக் கீழ இருக்கிறதைக் கொட்டினவன் நான்தான்.”